கட்டுச்சோற்றுக்குப் போன கார்

பின்சீட்டில் ஆள் உட்கார்ந்தால்தான் அந்தச் சத்தம் வரும். மகன் தனியாக ஓட்டிப் போனால் வராது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும் பள்ளத்தில் விழும்போதும் பின்சக்கரத்திலிருந்து சர்ரென்று ஒரு உரசல். கூடவே ரப்பர் கருகுகிற வாசம். நான் எந்தப் பக்கம் உட்கார்கிறேனோ அந்தப் பக்கம்தான் முதலில் கேட்கும். அதனால் எனக்குள் ஒரு கூச்சம். கார் ஏறச் சொன்னால் ஏதாவது வேலையைச் சொல்லித் தட்டிக் கழித்துவிடுவேன்.

மகன் எங்கள் ஊர் நெருப்பெரிச்சலில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறான். பெரிய கம்பெனிக்காரர்கள் வெட்டிக் கொடுப்பதைத் தைத்துக் கொடுக்கிற வேலை. நான் அங்கே ஒரு மூலையில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டுவேன். போன வருடம் அவன் பழைய கார் ஒன்றை வாங்கினான். வாங்கின கையோடு ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தரையோடு தரையாக இறக்கினான். அது போதாதென்று அகலமான சக்கரங்களைப் போட்டான். சக்கரம் மட்கார்டை விட்டு வெளியே பிதுங்கிக்கொண்டு நின்றது. அவனுக்கு அதுதான் அழகு. காலையில் வேஸ்ட் துணியால் சக்கரத்தைத் துடைத்துவிட்டு நாலடி தள்ளி நின்று பார்ப்பான். அவன் அப்பா போன பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை நான் வேறு எதிலும் பார்த்ததில்லை. ஆகவே சத்தத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மகளைத் தாராபுரத்துக்குப் பக்கத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவளுக்குத் தலைப்பிரசவம். மாசம் நெருங்கும்போது எங்கள் பக்கத்தில் கட்டுச்சோறு கொண்டு போவது வழக்கம். பெண்ணைப் பெற்றவர்கள் புளிச்சோறு, தயிர்ச்சோறு, ஒப்பிட்டு என்று வகைவகையாகச் செய்து பெரிய போசிப் பாத்திரங்களில் நிரப்பி எடுத்துப் போய், சம்பந்தி வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, வயிற்றுப்பிள்ளைக்காரியைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வருவார்கள்.

"என்ற தங்கச்சிய என்ற கார்லதான் கூட்டிட்டு வருவேன்" என்று மகன் சொல்லிவிட்டான்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நிறைமாதப் பெண்ணை உட்கார வைத்துக்கொண்டு வருகிற வழியில், உரசி உரசி அந்த டயர் வெடித்தால் என்ன செய்வது? வேண்டாம் என்றால் அவன் மனது உடையும். பிசிறு வெட்டிக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல்தான் பேச்சை எடுத்தேன்.

"கண்ணு, அந்தச் சத்தம்…"

"எந்தச் சத்தம்மா?"

"பின்னாடி டயர்ல வருதல்ல."

"அது நீ உக்காந்தாத்தான வருது" என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. "உன்ற தங்கச்சி உக்காந்தா வராதா?" என்றேன். அவன் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே மங்கலம் ரோட்டில் ஒரு பட்டறைக்கு வண்டியை எடுத்துப் போனான். மகளுக்கு வளையல் வாங்க வேண்டியிருந்ததால் நானும் கூடப் போனேன்.

பட்டறைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, என் வெரலே போவ மாட்டேங்கு. ஆளு ஏறினா டயரு எங்கன போவும்? பின்னால மட்டும் பழைய ஸ்பிரிங்க மாட்டிருங்க. சோலி முடிஞ்சிரும்."

"அது மட்டும் வேண்டாங்க. வண்டி தூக்கிக்கும். வேற வழி சொல்லுங்க."

"அப்பம் மட்கார்டு ஒதட்டத்தான் மடக்கணும்."

மட்கார்டின் உள்பக்கம் தகரம் ஒரு விரல்கடை மடிந்து நீட்டிக்கொண்டிருக்குமாம். அதுதான் டயரைத் தின்கிறது. சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு இரும்புக் கையை மாட்டினார். அதன் நுனியில் உருளை இருந்தது. பெயின்ட் வெடிக்காமல் இருக்க அனல்காற்று அடித்துச் சூடு காட்டிக்கொண்டே உருளையை முன்னும் பின்னும் உருட்டினார். சப்பாத்தி விளிம்பை மடிப்பது போல அந்தத் தகரம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே மடிந்து ஒட்டிக்கொண்டது. அவசரமே படவில்லை. பார்த்துக்கொண்டிருந்தால் தூக்கம் வரும் போல அப்படி ஒரு நிதானம்.

சக்கரத்தை மாட்டி, மடித்த விளிம்பில் சாக்பீஸ் பொடியைத் தடவினார். டயர் தொட்டால் பொடி அழிந்து காட்டிக் கொடுத்துவிடும்.

"அம்மா, பின்னால ஏறி இருங்க."

ரோட்டோரம் அத்தனை ஆம்பிளைகள் பார்க்க, வண்டியில் எடைக்கல்லாகப் போய் உட்கார வேண்டும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஏறினேன். கனம் பத்தாதென்று மகன் கம்பெனிக்குக் கொண்டு போக வைத்திருந்த பனியன் பண்டல்களை எனக்கு இரண்டு பக்கமும் அடுக்கினான். என் தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது.

டீ கொண்டு வந்தவர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, அம்மாவையும் சேத்து எக்ஸ்போர்ட் பண்றீங்களா?"

"செக்கிங் முடிஞ்சாத்தானுங்க அனுப்ப முடியும்" என்றான் மகன்.

அந்த ரோட்டில் இருந்த வேகத்தடை எல்லாவற்றிலும் ஏற்றி இறக்கினார்கள். சத்தமே இல்லை. சாக்பீஸ் பொடி வைத்தது வைத்தபடி இருந்தது. அன்றைக்கு ராத்திரி நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

கட்டுச்சோற்று நாளில் உறம்பரைச் சொந்தக்காரர்கள் எல்லாம் வேனில் ஏறினார்கள். போசிகள் ஆடாமல் வர வேண்டும் என்று அத்தனையையும் காரின் டிக்கியில் வைத்தோம். காரில் மகனும் நானும் மட்டும். ஊர் தாண்டவில்லை, முதல் வேகத்தடையிலேயே சர்ரென்றது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்குப் பண்டலையும் என்னையும் வைத்தது சீட்டில். டிக்கியில் ஒரு நூல்கண்டு கூட வைத்துப் பார்க்கவில்லை. டிக்கியோ சக்கரத்துக்கும் பின்னால் இருக்கிறது. கனம் அங்கே ஏறினால் வண்டியின் பின்பக்கம் இன்னும் அமுங்காமல் என்ன செய்யும்?

மகன் பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தான். போகும்போதுதானே கனம், திரும்பும்போது வெறும் போசிதானே என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். பள்ளம் கண்ட இடத்தில் எல்லாம் மெல்ல உருட்டி, மகன் ஒருவழியாக வண்டியைக் கொண்டு போய்ச் சேர்த்தான்.

விருந்து குறையில்லாமல் நடந்தது. மகள் இரண்டு கை நிறைய வளையலோடு பூரித்துப் போயிருந்தாள். புறப்படுகிற நேரத்தில் வாசலுக்கு வந்து பார்க்கிறேன், சம்பந்தி வீட்டார் போசிகளை டிக்கியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றில் அரிசி, ஒன்றில் நாட்டுச்சர்க்கரை, மற்றதில் எல்லாம் தேங்காய். சீர் கொண்டு வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாதல்லவா. நானே எத்தனையோ வீட்டுக்கு நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அது எப்படித்தான் மறந்ததோ.

ஒவ்வொரு போசிக்கும் வண்டி கொஞ்சம் கொஞ்சம் உட்கார்ந்தது. மகன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சக்கரத்தையே பார்த்தபடி நின்றான். என்னவென்று எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். மகள் ஏற வந்துவிட்டாள்.

அந்த வீட்டில் நான் "ஆமாங்க", "சரீங்க" தவிர அதிகம் பேசினதில்லை. அன்றைக்குப் பேசினேன்.

"சம்பந்தி, போசியெல்லாம் எறக்கிருங்க. வண்டி தாங்காதுங்க."

மாப்பிள்ளையின் பெரியப்பா கேட்டார், "ஏனுங்க, பொண்ணத் தாங்கும், தேங்காயத் தாங்காதுங்களா?" வாசலில் சிரிப்பு. எனக்குக் காது சுட்டது.

"ஏத்துன சீரை எறக்கற பழக்கம் இல்லீங்களே" என்றார் சம்பந்தியம்மா. "அப்பிடித்தான்னா புள்ள எங்க வண்டிலயே வரட்டுமுங்க."

மகன் தலை குனிந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு எங்கிருந்தோ வார்த்தை வந்தது.

"இல்லீங்க. அவ அண்ணன் வண்டிலதான் வரோணும். டிக்கில கனம் ஏத்துனா டயர் ஒரசுதுங்க. மாசமா இருக்கற புள்ளைய வெச்சுட்டு எனக்குப் பயமா இருக்குதுங்க. சீர் வேன்ல வரட்டுமுங்க."

சம்பந்தியம்மா டிக்கியிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து மகளின் மடியில் கட்டினார். "சீர் கார்லதான் போகுது. மிச்சத்த வேன்ல ஏத்துங்கப்பா."

வேனில் இருந்த பெண்கள் காலை எங்கே வைப்பது என்று சத்தம் போட்டார்கள். "தேங்கா மேல வெய்யுங்க" என்று பெரியப்பா வழி சொன்னார்.

திரும்பும்போது நானும் மகளும் பின்சீட்டில். வேகத்தடை வரும்போதெல்லாம் நான் கதவுக்கு மேலே இருக்கிற பிடியைப் பிடித்துக்கொண்டு லேசாக எழுந்துகொண்டேன். மகள் பார்த்துவிட்டாள்.

"ஏம்மா, நீ எந்திரிச்சா வண்டி எப்பிடி லேசாகும்? கம்பில தொங்குனாலும் நீ வண்டிக்குள்ளதான இருக்கற?"

மகனும் சிரித்துவிட்டான். காலையிலிருந்து அவன் சிரித்தது அப்போதுதான். வீடு வரைக்கும் உரசல் கேட்கவில்லை.

மறுநாள் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் பட்டறைக்குப் போய், பின்பக்கம் பழைய ஸ்பிரிங்கையே மாட்டிக்கொண்டு வந்தான். நான் கேட்காமலே, "ஆஸ்பத்திரிக்குப் போறப்ப எத்தன பேர் ஏறுவீங்களோ, என்னென்ன மூட்ட கட்டுவீங்களோ" என்றான். முன்பக்கம் தாழ்ந்தும் பின்பக்கம் தூக்கிக்கொண்டும், வண்டி பார்க்க ஒரு மாதிரிதான் இருந்தது.

"என்னடா, உன்ற வண்டி கும்பிடு போடுது?" என்று அவன் கூட்டாளி ஒருவன் வாசலில் நின்று கேட்டான்.

"மாப்பிள்ளை வர்றாரல்லோ, அதுக்குத்தான்" என்றான் மகன்.

மகளுக்கு வலி கண்டது ஒரு காலை நேரம். பின்சீட்டில் அவளும் நானும் பக்கத்து வீட்டுக்காரம்மாவும். டிக்கி நிறையத் துணியும் பிளாஸ்க்கும் பாயும். பாலம் கட்டுகிற வேலை நடந்து ரோடே பள்ளமாகக் கிடந்தது. மகள் என் கையைப் பிடித்து நெரித்துக்கொண்டிருந்தாள். நடுவில் மகன் திரும்பாமலே கேட்டான்.

"ஒரசுதாம்மா?"

"இல்ல கண்ணு. நீ ரோட்டப் பாத்து ஓட்டு."