மூன்றாவது சர்வீஸ்

என் கார் நின்றுபோனது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில். ரயில் போய், கேட் திறந்து, முன்னால் நின்ற வண்டிகள் எல்லாம் கிளம்பிவிட்டன. எனக்கு மட்டும் கியர் விழவில்லை. அழுத்தித் தள்ளினால் உள்ளே கல்லை அரைப்பது போலச் சத்தம். பின்னால் இருந்த மினி பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. இறங்கிப் போய் அவரைத் திட்டினேன். அவர் மேல் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் கோபம் வந்தால் எனக்கு யாரையாவது ஒருவரைத் திட்டியாக வேண்டும்.

நான் கிராம சுகாதார செவிலியர். வலங்கைமானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மா அடுத்தவர் வயலில் நடவு நட்டவர். எங்கள் தெருவுக்கு வந்த முதல் கார் என்னுடையது. என் பெயரில், என் சம்பளத்தில் வாங்கியது. யாராவது அதன் மேல் சாய்ந்து நின்றால்கூட எனக்குப் பொறுக்காது. தினமும் காலையிலும் மாலையிலும் மீட்டரைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். தடுப்பூசிப் பதிவேடு எழுதியே பழகிய கை, சும்மா இருக்காது.

வாரண்டி மூன்று வருஷம். வாங்கி ஒன்றேகால் வருஷம்தான் ஆகியிருந்தது. அதனால் காரைத் தஞ்சாவூர் சர்வீஸ் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனபோது எனக்குக் கவலையே இல்லை. நான்காம் நாள் போன் வந்தது.

"மேடம், கியர் பாக்ஸுக்கு வாரண்டி ரிஜெக்ட் ஆயிருச்சு. மூணாவது சர்வீஸுக்கு வண்டி வரவே இல்லையே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சித்திரை மாதம் என் வீட்டுக்காரர்தான் காரை சர்வீஸுக்கு எடுத்துக்கொண்டு போனார். அன்று எனக்குத் திருவாரூரில் பயிற்சி வகுப்பு, பஸ்ஸில் போய்விட்டேன். பொழுது சாய்ந்து திரும்பி வந்தபோது கார் கழுவித் துடைத்துப் பளபளவென்று வாசலில் நின்றது. பில் எங்கே என்று கேட்டதற்கு, "ஃப்ரீ சர்வீஸுக்கு ஏது பில்லு" என்றார். இப்போது நோட்டை எடுத்துப் புரட்டினேன். அந்தத் தேதியில் எழுபத்திரண்டு கிலோமீட்டர் கூடியிருந்தது. எங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் போய்வர அதே தூரம்தான். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

மறுநாள் நோட்டோடும் வீட்டுக்காரரோடும் தஞ்சாவூரில் போய் இறங்கினேன். கவுண்டரில் முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண் இருந்தாள். தலையில் முக்காடு. வருகிற வண்டிகளுக்குச் சாவி வாங்கி, கம்ப்யூட்டரில் பதிவு செய்வது அவள் வேலை. என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். நான் உட்காரவில்லை.

"அந்தத் தேதியில உங்க வண்டியே சிஸ்டத்துல இல்ல மேடம். ஆயில் மாத்தாமலே ஓடியிருக்கு. அதுலயும் ரிவர்ஸ் கியர்தான் ரொம்பத் தேஞ்சிருக்காம். மெக்கானிக்கே ஆச்சரியப்படுறாரு."

"ஒண்ணேகால் வருஷத்துல கியர் தேயுதுன்னா அது உங்க கம்பெனி லட்சணம். எங்க மேல ஏன் பழி போடுறீங்க?" என்று பிடித்துக்கொண்டேன். பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "அன்னைக்கு யார்கிட்ட சாவி கொடுத்தீங்க, சொல்லுங்க" என்றேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் சத்தமாகக் கேட்டேன். மெல்ல நிமிர்ந்தவர் எதிரே இருந்த பெண்ணைப் பார்த்து, "இவங்கதான்னு நெனைக்கிறேன்" என்றார்.

அவள் முகம் சுண்டிப்போனது. "எனக்கு ஞாபகம் இல்லியே சார்" என்றாள். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமானதாக இருந்தது. "ஞாபகமே இல்லைன்னா வண்டி வரலைன்னு மட்டும் எப்படி அடிச்சுச் சொல்றீங்க?" நோட்டை அவள் முன்னால் விரித்து, எழுபத்திரண்டு என்ற எண்ணை விரலால் தட்டித் தட்டிக் காட்டினேன். கார் பார்க்க வந்த குடும்பங்கள் எல்லாம் எங்களையே பார்த்தன. நான் நியாயம் கேட்கிறேன் என்ற நினைப்பில் என் குரல் இன்னும் ஏறியது. வீட்டுக்கு வந்து கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு இரண்டு பக்கம் புகார் எழுதினேன். வண்டியை வாங்கிவிட்டுப் பதிவு செய்யாத அந்த ஊழியர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நுகர்வோர் நீதிமன்றம் போவேன் என்று எழுதி, கையெழுத்துக்குக் கீழே பதவியையும் போட்டு அனுப்பினேன்.

இரண்டு வாரம் போயிற்று. ஒரு புதன்கிழமை அங்கன்வாடியில் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். பேரனைத் தூக்கி வந்த எங்கள் பக்கத்துத் தெரு அம்மா, "காரு சரியாயிருச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

"நல்ல காரும்மா அது. அன்னைக்கு அது மட்டும் இல்லேன்னா எங்க உளுந்து பூரா மழையில போயிருக்கும்."

கையில் இருந்த ஊசியைத் தட்டில் வைத்தேன். என்ன உளுந்து என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரியாது.

எங்கள் பக்கம் தாளடி நெல் அறுத்த வயலில் உளுந்து போடுவோம். சித்திரையில் செடியைப் பிடுங்கிக் காயவைத்து, தார் ரோட்டில் பரப்பிவிட்டால், போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி நெற்று உடைந்து உளுந்து உதிர்ந்துவிடும். தனியாக அடிக்க ஆள் தேட வேண்டாம். அந்தச் சித்திரையில் வாய்க்கால் பாலத்தை இடித்துப் போட்டிருந்ததால் எங்கள் ரோட்டில் ஒரு வண்டியும் இல்லை. நாலு வீட்டு உளுந்து ரோட்டில் கிடக்கிறது, மேற்கே மேகம் கறுக்கிறது. சர்வீஸுக்கு என்று கிளம்பிய என் வீட்டுக்காரர் அங்கே நிறுத்தி, பஸ் செய்கிற வேலையை என் காரை வைத்துச் செய்திருக்கிறார். காரைத் திருப்ப அந்த ரோட்டில் இடம் கிடையாது. முன்னால் ஓட்டிக்கொண்டு போய், அப்படியே பின்னால் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பகல் முழுக்க.

அன்று சாயங்காலம் அவரிடம் நேராகக் கேட்டேன். மறைக்கவில்லை. "சொன்னா நீ விடுவியா? கார் மேல ஒருத்தர் சாஞ்சாலே ஆடுவே" என்றார்.

"அந்த எழுபத்திரண்டு கிலோமீட்டர்?"

"அறுபத்தெட்டுதான் காட்டுச்சு. நீ நோட்டுல பாப்பேன்னு தெரியும். கூட அஞ்சாறு நடை ஓட்டிச் சரி பண்ணிட்டு, பம்ப்செட்டுல கழுவிக் கொண்டாந்தேன்."

இருபது வருஷம் கூட வாழ்ந்த மனுஷர், என் நோட்டுக்குப் பயந்து மீட்டரைச் சரிக்கட்டியிருக்கிறார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். "அந்தப் பொண்ணை ஏன் காட்டினீங்க?" என்று கேட்டபோது, "நீ கத்துன கத்துல எதிர இருந்தவங்களக் காட்டிட்டேன்" என்றார்.

மறுநாள் லீவு போட்டேன். புகாரைத் திரும்பப் பெறுகிறேன், கார் அன்று சர்வீஸுக்கு வரவில்லை, அந்த ஊழியர் சொன்னதுதான் உண்மை என்று எழுதி எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் போனேன். கவுண்டரில் வேறொருவர் இருந்தார். மேனேஜர் எழுந்து வந்து வரவேற்றார்.

"நாங்களே போன் பண்ணலாம்னு இருந்தோம் மேடம். உங்க கிளெய்ம் பாஸ் ஆயிருச்சு. கியர் பாக்ஸ் புதுசா மாத்தித் தந்துடுறோம். அந்தப் பொண்ணு தப்பை ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்துருச்சு. வேலைய விட்டும் அனுப்பிட்டோம்."

ஒரு தாளை எடுத்துக் காட்டினார். வாடிக்கையாளர் வண்டியைக் கொண்டுவந்தது உண்மை, பதிவு செய்யாமல் விட்டது என்னுடைய கவனக்குறைவு என்று குண்டு குண்டான கையெழுத்தில் எழுதி, கீழே அவள் பெயர். நடக்காத ஒன்றை நடந்ததாக ஒருத்தி எழுதிக் கொடுத்திருக்கிறாள். கண்ணால் பார்த்தும் என்னால் நம்ப முடியவில்லை. இவர்கள்தான் மிரட்டி எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்று எனக்கு வழக்கமான கோபம் ஏறியது. என் கடிதத்தை நீட்டினேன். படித்த மேனேஜர், "இப்ப இதை வாங்கினா எனக்குத்தான் மேடம் தலைவலி, எல்லாம்தான் முடிஞ்சிருச்சே" என்றார். எனக்கு கியர் பாக்ஸ் வேண்டாம், இதை வாங்கிக்கொண்டு நகலில் சீல் போட்டுக் கொடுங்கள் என்று அவர் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டேன். சீல் வாங்க மத்தியானம் ஆயிற்று. கவுண்டரில் இருந்தவர் மெதுவாக அவள் வீட்டு அடையாளம் சொன்னார்.

கூத்தாநல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, பள்ளிவாசல் தெருவில் விசாரித்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தது அவளேதான். இடுப்பில் ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை. கண்டபடி திட்டுவாள், கதவைச் சாத்துவாள் என்று நினைத்து, எல்லாவற்றுக்கும் மனதைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"வாங்க மேடம், உள்ள வாங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நீங்க இவ்வளவு தூரம் வரணுமா? நானே வந்து மன்னிப்புக் கேட்டிருக்கணும்."

"மிரட்டி எழுதி வாங்கினாங்களாம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"அப்படியெல்லாம் இல்ல மேடம். நீங்க அவ்வளவு உறுதியா சொன்னீங்க. படிச்சவங்க, கவர்மெண்டு வேலையில இருக்கறவங்க பொய் சொல்லுவாங்களா? ராப்பகலா யோசிச்சுப் பாத்தேன். நான்தான் மறந்துட்டேன்னு தெரிஞ்சுபோச்சு. இப்பல்லாம் அடுப்புல பாலை வச்சாக்கூட நம்பி நகர மாட்டேன்."

குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கொஞ்சம் தயங்கினாள்.

"புகார்ல உங்க கையெழுத்துக்குக் கீழ நர்ஸுன்னு போட்டிருந்துச்சு. ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் மேடம். கொழந்தை பொறந்த பெறகு இந்த மாதிரி ஒரு நாளே மொத்தமா மறந்துபோறது எல்லாருக்கும் வருமா? இதுக்கு மாத்திரை ஏதும் இருக்கா?"

சீல் போட்ட நகல் என் கையில் இருந்தது.

"நீங்க எதையும் மறக்கலம்மா," என்றேன். "எங்க கார் அன்னைக்கு வரவே இல்ல."