தண்ணீரைக் காய்ச்சச் சொல்லப் போன கதை

எழுபதுகளின் கடைசியில் எனக்கு முதல் வேலை செந்துறைப் பக்கம் ஒரு கிராமத்தில் கிடைத்தது. திருச்சியில் நர்ஸ் பயிற்சியை முடித்த கையோடு, வெள்ளைப் புடவையும் தோளில் ஒரு பையுமாகப் போய் இறங்கினேன். பயிற்சியில் எங்கள் காதில் ஓயாமல் ஓதிய பாடம் ஒன்று உண்டு: தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்கள். நானும் யாரைப் பார்த்தாலும் அதையே சொன்னேன். தபால் கொடுக்க வந்தவரைக்கூட விடவில்லை.

ஊருக்குக் கிழக்கே காலனி. அங்கே இருந்தவர்களுக்குக் குடிதண்ணீர் ஒரு குட்டையிலிருந்துதான். மாடு படுத்துக் கிடப்பதும் அதிலேதான். ஊர்க் கிணற்றில் அவர்கள் வாளி விட முடியாது. கோடை வந்தால் குட்டை சுருங்கும், காலனியில் வயிற்றுப்போக்கு தொடங்கும்.

ஒரு நாள் சாயங்காலம் வேப்பமரத்தடியில் பெண்களைக் கூட்டி வைத்துப் பேசினேன். "தண்ணிய தளதளன்னு கொதிக்க வைக்கணும். அப்புறம் ஆறவிட்டு, மூடி வைக்கணும்" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து விரலெல்லாம் கறுத்துப்போன ஒருத்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மூன்று பிள்ளைக்காரி. முந்திரிக்காரி என்றுதான் நான் அவளைச் சொல்வேன். அவள்தான் கேட்டாள்:

"நர்சம்மா, சோறாக்கவே வெறகு இல்ல. தண்ணிக்குத் தனியா அடுப்பு மூட்டச் சொல்றீங்க. வெறகு பொறுக்க நீங்க வர்றீங்களா?"

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"வரேன். நாளைக்கே வரேன்."

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக என்னை முந்திரித் தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அது ஒரு பெரிய மனிதருடைய தோப்பு என்பதையும், உள்ளே போகக் கூடாது என்பதையும் வேலியைத் தாண்டிய பிறகுதான் சொன்னார்கள். உதிர்ந்த சுள்ளிகளைப் பொறுக்கினோம். நான் கட்டிய கட்டு தலையில் ஏறுவதற்குள் அவிழ்ந்து கொட்டியது. மறுபடியும் கட்டினேன். மறுபடியும் கொட்டியது. முந்திரிக்காரி சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் "எவ அவ?" என்று ஒரு அதட்டல் கேட்டது. தோப்புக் காவல்காரர். பெண்கள் மைனாக் கூட்டம் மாதிரி சிதறி மறைந்தார்கள். என் புடவை மட்டும் ஒரு கிளையில் மாட்டிக்கொண்டது. தடியும் கையுமாக ஓடி வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார்.

"நர்சம்மாவா? இங்க என்னங்க பண்றீங்க?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "உங்களத்தான் பாக்க வந்தேன்."

நம்பிவிட்டார் மனிதர். தடியைக் கீழே போட்டார், மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், நான் கேட்காமலே நாக்கை நீட்டினார். "இருமல் விட மாட்டேங்குதுங்க. மாசக்கணக்கா இருக்கு."

அவருக்குப் பின்னால், தூரத்தில், விறகுக் கட்டுகள் ஒவ்வொன்றாக வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தன. "கண்ண நல்லா மூடிக்குங்க. மூச்ச இழுங்க. இன்னும் இழுங்க" என்றேன். கடைசிக் கட்டு போகும்வரை பாவம் இழுத்துக்கொண்டே இருந்தார்.

ஆனால் அந்த இருமல் விளையாட்டில்லை. ஆள் எலும்பும் தோலுமாக இருந்தார். அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளியைப் பரிசோதிக்கச் சொன்னேன். "நான் போயிட்டா தோப்ப யாரு பாக்குறது? மொதலாளி அடுத்த ஆளப் போட்டுருவாருங்க" என்றார். இதைக் காலனியில் வந்து சொன்னேன். முந்திரிக்காரி சட்டென்று வழி சொன்னாள்.

"அவரு போவட்டும். தோப்ப நாங்க பாத்துக்குறோம்."

அப்படித்தான் நடந்தது. அவர் பஸ் ஏறி அரியலூருக்குப் போகும் நாளெல்லாம் தோப்புக்குக் காவல் அவர்கள்தான். கூலி, உதிர்ந்த சுள்ளி. காச நோய் என்று தெரிந்து மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுத் தேறி வந்தார். காலனியில் சில அடுப்புகளில் தண்ணீரும் கொதித்தது.

எல்லா அடுப்பிலும் இல்லை. அந்த ஐப்பசியில் அடைமழை. சுள்ளியெல்லாம் நனைந்து போயிற்று. கடைசி வீட்டுக் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. தாய் நடவு வேலையிலிருந்து நடுவில் வர முடியவில்லை. சாயங்காலம் என்னிடம் தூக்கி வந்தபோது பிள்ளைக்கு அழவும் தெம்பில்லை. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டுப் பார்த்தேன். நிற்கவில்லை. ராத்திரியே பிள்ளை போய்விட்டது. அன்றைக்கு நானும் முந்திரிக்காரியும் அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவள்தான் எழுந்தாள். "அடி பம்பு குடுக்குற ஆபீசு எங்க இருக்கு?"

பஸ் நிறையப் பெண்களோடு பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்குப் போனோம். அதிகாரி, "மனுவைக் குடுத்துட்டுப் போங்க, பாக்கலாம்" என்றார். முந்திரிக்காரி கொண்டுபோயிருந்த குடத்தைச் சாய்த்து, மேஜைமேல் இருந்த அவர் டம்ளரை நிரப்பினாள். பழுப்பு நிறம். உள்ளே ஏதோ ஒன்று நீந்தியது.

"வேலை பாத்துக் களைச்சிருப்பீங்க சார். ஒரு வாய் குடிங்க. எங்க வூட்டுத் தண்ணிதான்."

அவர் டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பழக்க தோஷத்தில், "காய்ச்சிக் குடிங்க சார்" என்றேன். வாசலில் நின்ற பியூன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார். பெண்கள் யாரும் இடத்தைவிட்டு நகரவில்லை. அவர் பேனாவை எடுத்தார்.

பொங்கலுக்குப் பிறகு காலனியில் அடி பம்பு வந்தது. முதல் தண்ணீரைக் குடித்துவிட்டு முந்திரிக்காரி முகத்தைச் சுளித்தாள். "இரும்பு வாடை அடிக்குது நர்சம்மா." ஆனால் அடுத்த கோடையில் நான் காலனிக்குப் போக வேண்டிய அவசரம் வெகுவாகக் குறைந்தது.

ஒருமுறை பம்பின் கைப்பிடி உடைந்தது எனக்குத் தெரியவே தெரியாது. தெரிவதற்குள் அவர்களே யூனியன் ஆபீசுக்குப் பஸ் ஏறிப் போய், மெக்கானிக்கைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். "உங்கள எதுக்கு அலைய வைக்கணும்னுதான்" என்றாள் முந்திரிக்காரி. எனக்கு லேசாக மனத்தாங்கல்தான்; அந்த ஆபீசுக்குப் போக எனக்கும் ஆசையாக இருந்தது.