குழாய்க்குள் எட்டிப் பார்க்காதே

நிர்மலா டீச்சருக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை போய்விடும். பாலக்கோட்டுக்குப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று சட்டம் இருப்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் சோதனைக் குழாயில் துத்தநாகத்தைப் போட்டு, அமிலம் ஊற்றி, குமிழி குபுகுபுவென்று கிளம்பும்போது எவளாவது குழாய் வாயில் மூஞ்சியைக் கொண்டுபோனால், மரஸ்கேல் விரல் முட்டியில் விழுந்த பிறகுதான் அவளுக்குச் சட்டமே ஞாபகம் வரும்.

அந்தத் திங்கட்கிழமை அடி வாங்கியவள் பத்தாம் வகுப்பு தேவிப்பிரியா. விரல் சிவந்துபோயிற்று.

"பத்த வெச்சும் சத்தம் வரலைன்னா கேஸு உள்ளயே நிக்குதுன்னு அர்த்தம். எட்டிப் பாத்தா கண்ணு போயிரும். மண்டையில ஏறுச்சா?" என்றாள் டீச்சர்.

ஏறத்தான் செய்தது. புதன்கிழமை பொழுது சாயும் நேரத்தில் தேவிப்பிரியாவின் அப்பா பூவரசன் தக்காளித் தோட்டத்தில் பன்றி விரட்டக் கார்பைடு குழாயைத் தூக்கிக்கொண்டு நின்றார். மாம்பழ மண்டியில் வாங்கிய கார்பைடு கல்லும் கொஞ்சம் தண்ணீரும் சேர்ந்து உள்ளே கேஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. லைட்டரைத் தட்டினால் இடி விழுந்த மாதிரி சத்தம் வரும், பன்றி ஓடிவிடும். அன்றைக்குத் தட்டித் தட்டிப் பார்த்தும் சத்தம் வரவில்லை. அந்த ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் பூவரசனும் செய்யப் போனார். மோட்டார் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று குனிந்து பார்த்தே வளர்ந்தவர்கள்; எந்தக் குழாய் மக்கர் செய்தாலும் வாய்க்குள் எட்டிப் பார்ப்பார்கள்.

மறுநாள் காலை பூவரசன் ஒரு கண் போய், முகமெல்லாம் கட்டோடு சேலத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருடைய தம்பி சிவக்குமார், தேவிப்பிரியாவைச் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குள் நுழைந்தான். குழாய் பக்கத்தில் நின்று அவள் டீச்சர் சொன்ன கேஸைப் பற்றி ஏதோ பேசியதாகவும், உடனே வெடித்ததாகவும் அவள் அம்மா அழுதுகொண்டே சொல்லியிருந்தாள். பாவி மனுஷனுக்கு அது போதாதா?

"வெடிகுண்டு வெக்கத்தான் பாடம் நடத்துறியா?" என்று கேட்டு அறைந்தான். டீச்சரின் கண்ணாடி உடைந்து தெறித்தது. உதடு கிழிந்து ரத்தம் புடவையில் சொட்டியது. டீச்சர் மட்டும் சும்மா நிற்கிற ஆளா? ஸ்கேலை எடுத்து அவன் மணிக்கட்டில் ஓங்கிப் போட்டாள். ஸ்கேல் இரண்டாக முறிந்தது. வலி தாங்காமல் அவன் மேஜையில் இருந்ததையெல்லாம் ஒரே வீச்சில் தள்ளினான். குடுவைகள் நொறுங்கின, அமில பாட்டில் சிமெண்டுத் தரையில் விழுந்து உடைந்தது. தரை நுரைத்துச் சீறத் தொடங்கியதும் மாவீரன் பெஞ்சு மேல் ஏறிக்கொண்டான்.

"அது கார்பன் டை ஆக்சைடு, சித்தப்பா. வெடிக்காது. கால மட்டும் வெச்சுராதீங்க" என்றாள் தேவிப்பிரியா.

ஒரே தாவலில் நுரையைத் தாண்டி இறங்கி அவளுக்கு இடது கன்னத்தில் ஒன்று விட்டான். "அப்பன் கண்ணப் புடுங்கியும் வாய் அடங்கலயா? இன்னிக்கே டிசி வாங்கிர்றேன். நாளைலருந்து வூட்டுல கெட."

அதுவரை அழாதவள் அப்போதுதான் உடைந்தாள்.

"எட்டிப் பாக்காதீங்கன்னுதான் சொன்னேன், சித்தப்பா. டீச்சர் அடிச்சுச் சொன்னாங்க, அது ஞாபகம் இருந்துச்சு. எனக்கே பாடம் எடுக்கறியான்னு அப்பா அறைஞ்சாரு. அறைஞ்சிட்டுக் குனிஞ்சாரு."

நிர்மலா டீச்சர் கையில் இருந்த அரை ஸ்கேலைக் கீழே போட்டாள். திங்கட்கிழமை சிவந்த அந்த விரல்களைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

சிவக்குமார் நம்பவில்லை. செல்லை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அண்ணனையே கேட்டான். "அண்ணா, உன் புள்ள பொய் பேசுது. எட்டிப் பாக்காதன்னு சொல்லுச்சாம். அதுக்கு நீ அறைஞ்சியாம்."

கட்டுக்குள்ளிருந்து குரல் கம்மலாக வந்தது. "மெய்தான்டா. ரெண்டு தரம் சொல்லுச்சு. நான்தான் கேக்கல. புள்ளயப் பள்ளிக்கூடத்துலயே உட்டுட்டு வா."

"சரிண்ணா."

"இருடா, வெச்சிராத. பாப்பாவ நல்லா அறைஞ்சுட்டேன். கன்னம் வீங்கியிருக்குதான்னு பாத்துச் சொல்லு."

சிவக்குமார் பார்த்தான். வலது கன்னம் வீங்கியிருந்தது. இடது கன்னத்தில் அவனுடைய நாலு விரலும் பதிந்திருந்தன.

"டேய், பாத்தியா?" என்று அண்ணன் மறுபடியும் கேட்டார்.