ஞாயிற்றுக்கிழமை பிடித்த இறால்

என் அண்ணனின் பெயரை ஆலயத்தில் எல்லோருக்கும் கேட்க வாசித்தவன் நான்தான். கர்த்தருடைய நாளாகிய ஞாயிறை அசட்டை செய்ததற்காக மூன்று மாதம் திருவிருந்திலிருந்து விலக்கப்படுகிறவர்கள் என்று தலைப்பிட்ட ஒரு தாள். ஐந்து பெயர்கள். மூன்றாவது அண்ணனுடையது. என் குரல் நடுங்கவில்லை. வகுப்பில் இடாப்பைப் பார்த்துப் பிள்ளைகளின் பெயர் கூப்பிடுகிற அதே குரலில் வாசித்துவிட்டு, தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அரிசி கூப்பனுக்குத்தான் கிடைத்தது. நான் புளியந்தீவில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பதும் அறிவித்தல்கள் சொல்வதும் என் பொறுப்பு. எங்கள் குடும்பம் வாவியின் மறுகரையில் மீன்பிடித்து வாழ்ந்த குடும்பம். அப்பா இறந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. அண்ணன் தன் படிப்பை விட்டுவிட்டுத் தோணியை எடுத்தார், நான் ஆசிரியனானேன். இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அந்த மார்கழியில் மழை விடாமல் பெய்தது. வாவி நிரம்பி வயல்களிலும் தாழ்ந்த வீட்டு வளவுகளிலும் தண்ணீர் ஏறியது. அப்படி ஏறினால் முகத்துவாரத்தில் கடலை மறித்துக் கிடக்கும் மணல் திட்டை வெட்டிவிடுவார்கள். வாவித் தண்ணீர் கடலுக்குப் பாயும். அந்த ஓட்டத்தோடு இறாலும் மீனும் கூட்டம் கூட்டமாகப் போகும். இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். தொழில் செய்கிறவனுக்கு வருடத்தில் அதைப்போல வேறு நாள் இல்லை. அந்த வருடம் சனிக்கிழமை பின்னேரம் வெட்டினார்கள். ஞாயிறு விடியும்போது ஓட்டம் உச்சத்தில் இருந்தது. அண்ணனும் எங்கள் சபையைச் சேர்ந்த இன்னும் நாலு பேரும் வீச்சுவலையோடு முகத்துவாரத்தில் நின்றார்கள். ஆலயத்தில் அவர்கள் உட்காரும் வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன.

புதன்கிழமை சபைக் குழு கூடியது. குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள், ஞாயிறு என்றால் கந்தோர் பூட்டியிருக்கும் மனிதர்கள். அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு முன் போதகர் அந்தத் தாளை என்னிடம் நீட்டினார்.

"மாஸ்டர், நீங்க வாசிக்கிறதுதான் நல்லது. சொந்தம் பார்க்கிறம் எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது."

தாளை வாங்கி அண்ணனின் பெயரைப் பார்த்தேன். பிறகு "ஓம் ஐயா" என்றேன். என் பள்ளிக்கூடத்தை நிர்வகித்த முகாமையாளரும் அவர்தான். அதைச் சொல்வது தப்பித்துக்கொள்ள ஒரு சாட்டு அல்ல. நான் யாருக்குப் பயந்தேன் என்பது தெரியவேண்டும், அவ்வளவுதான்.

பெயரை வாசித்தபோது நான் தலையை நிமிர்த்தவில்லை. திருவிருந்து நேரம் நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் கடைசி வாங்கில் கைகளை முழங்காலில் வைத்தபடி இருந்தார். பக்கத்தில் மச்சாள், அவருடைய மனைவி. அவளை யாரும் விலக்கவில்லை. ஆனாலும் அவள் எழும்பி வரவில்லை.

இரண்டு கிழமை நான் அண்ணன் வீடு இருந்த அக்கரைப் பக்கம் போகவில்லை. மூன்றாம் கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வெளியே வந்தபோது படலையடியில் மச்சாள் நின்றாள். இடுப்பில் மீன் கடகம் வெறுமையாக இருந்தது. விற்று முடித்துவிட்டு வந்திருக்கிறாள். கண்ணைப் பார்த்தவுடனே தெரிந்தது, சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று.

"தம்பி, உங்களிட்ட ஒண்டு கேக்கோணும். அண்டைக்கு ஞாயித்துக்கிழமை பிடிச்ச இறால ஆரு திண்டது?"

எனக்கு விளங்கவில்லை.

"நான்தானே கொண்டுவந்து வித்தனான். அந்த ஞாயிறு பின்னேரமே வித்தனான். உங்கட கோயில் குழுவில இரிக்கிற பெரிய கிளாக்கர் வீட்டிலதான் முதல் கடகம். குசினிப் படலையால கூப்பிட்டு, பெரிய இறாலாப் பொறுக்கித் தா எண்டு அந்த அம்மா தன்ர கையாலயே பொறுக்கினா. அவர் விறாந்தையில இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தவர். புதன்கிழமை போய்க் கையைத் தூக்கியிரிக்கிறார். பிடிச்சது பாவமெண்டா, திண்டது என்ன?"

பள்ளிக்கூடத்து வாசலில் நின்று அவள் சத்தமாகத்தான் கேட்டாள். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. அது வெட்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டுக்கு நடக்கும்போதுதான் அது வேறு என்று தெரிந்தது. கந்தோரில் தலைமை எழுத்தரான அந்தக் கிளாக்கர் வேதபாட வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவர். தண்ணீர் சூழ்ந்த வீடுகளுக்காக உருக்கமாக ஜெபித்தவர். அந்த இறால் செரித்த வயிற்றோடு அவர் என் அண்ணனை விலக்கக் கை தூக்கினார். நான் அதை வாசித்தேன்.

மச்சாள் அதோடு விடவில்லை. "எனக்கு எழுத்துத் தெரியா. நீங்க அந்தப் பொத்தகத்தக் கொண்டு எங்கட வீட்டுக்கு வாங்க. அதில உண்மையா என்ன எழுதியிரிக்கு எண்டு நான் காதால கேக்கோணும். ஐயா சொல்லுறது வேணாம், நீங்க சொல்லுறதும் வேணாம். எழுதியிரிக்கிறத மட்டும் வாசிங்க."

வியாழக்கிழமை நாலு மணிக்குப் போனேன். அண்ணன் பூவரசு நிழலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் போய் முன்னால் நின்றேன். என்னென்னவோ சொல்ல நினைத்து வந்தவன், "அண்ணன், நான் வாசிச்சது பிழை" என்று மட்டும் சொன்னேன்.

அவர் நிமிரவில்லை. "பிழைதான்" என்றார். ஒரு கண்ணியைப் பொத்தி முடித்துவிட்டு, "இரு. அவள் கேக்கிறத வாசி" என்றார்.

சீடர்கள் ஓய்வுநாளில் பயிர் வழியே நடக்கும்போது பசியில் கதிர் கொய்து தின்ற இடத்தை வாசித்தேன். அதற்காக ஆலயத்துப் பெரியவர்கள் சண்டைக்கு வந்ததையும் இயேசு தம் ஆட்களை விட்டுக்கொடுக்காமல் பேசியதையும் வாசித்தேன். பிறகு அடுத்ததையும் வாசித்தேன். ஜெப ஆலயத்தில் ஒரு கை சூம்பிய மனிதன் இருக்கிறான். ஓய்வுநாளில் அவனைச் சுகப்படுத்துகிறாரா பார்ப்போம், படுத்தினால் குற்றம் பிடிப்போம் என்று சிலர் காத்திருக்கிறார்கள். நன்மை செய்வது நியாயமா என்று அவர் கேட்கிறார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் அவர்களைக் கோபத்தோடு சுற்றிப் பார்க்கிறார்.

"நில்லுங்க" என்றாள் மச்சாள். "கோவமா? அவருக்கா?"

"ஓம். அப்பிடித்தான் எழுதியிரிக்கு."

"ஆரோட?"

"கோயில் ஆக்களோட."

அவள் கடகத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். "மூண்டு கிழமையா நெஞ்சுக்க எரியுது தம்பி. ஜெபம் பண்ண இரிந்தா வாய் வரமாட்டெங்குது. கோவத்தோட கும்பிட்டாப் பாவம் எண்டு கும்பிடாமலே படுக்கிறன். இத ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லல்ல?"

அந்த வசனத்தை நான் ஆலயத்தில் பலமுறை வாசித்திருக்கிறேன். இடாப்புக் குரலில்.

"கோவிச்சுப்போட்டு என்ன செஞ்சாரு?" என்று அவளே கேட்டாள்.

"அந்த மனிசன்ர கையைச் சுகமாக்கினார்."

அண்ணனின் ஊசி நின்றது. அவர் தண்ணீர் ஏறிக் கிடந்த வளவுகள் பக்கம் பார்த்தார். பிறகு மறுபடி பொத்தத் தொடங்கினார். அடுத்த நாள் காலை, வாவியில் பிடித்ததில் ஒரு பங்கை விற்காமல் எடுத்து, மழை தொடர்ந்ததால் தண்ணீர் வடியாமல் இன்னமும் பள்ளிவாசல் மண்டபத்திலும் இந்துக் கோயில் மடத்திலும் இருந்த குடும்பங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். மச்சாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தண்ணீர் வடியும்வரை அப்படிச் செய்தார். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

வியாழக்கிழமை வாசிப்பு பிறகு நிற்கவில்லை. விலக்கப்பட்ட மற்ற நாலு பேரும் வீட்டாரோடு வந்தார்கள். அவர்கள் கேட்ட கேள்விகள் போல எங்கள் வேதபாட வகுப்பில் யாரும் கேட்டதில்லை. உயிர்த்தெழுந்த பிறகு இயேசு கடற்கரையில் நின்று, தோணியின் வலது பக்கம் வலையைப் போடச் சொன்ன இடம் வந்தபோது, நான் அதை அற்புதம் என்று விளக்கப் போனேன். அண்ணன் இடைமறித்தார்.

"தண்ணிக்குள்ள இரிக்கிறவனுக்கு மீன் ஓடுறது தெரியா. கரையில நிக்கிறவன்தான் காணுவான். அவருக்குத் தொழில் தெரிஞ்சிரிக்கு."

எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்களுக்கு அது அற்புதத்தைவிடப் பெரிதாகப் பட்டது. மச்சாளுக்கு வேறு கேள்வி இருந்தது.

"அவர் கரையில நெருப்பு மூட்டி மீன் சுட்டுக்கொண்டு நிண்டவர். அப்பிடியிரிந்தும் நீங்க பிடிச்சதிலயும் கொண்டுவாங்க எண்டு கேட்டவர். அது எந்தக் கிழமை தம்பி?"

தேடிப் பார்த்தேன். "எழுதயில்ல மச்சாள்."

"எழுதயில்லயா? அப்ப அவர் கிழமை கேக்கவுமில்ல" என்றாள். அந்த மூன்று மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

அந்த மூன்று மாதத் தவணை முடிகிற கிழமை போதகர் என்னை அழைத்தார். கையில் இன்னொரு தாள். அதே ஐந்து பெயர்கள், இன்னும் ஆறு மாதம். சபையின் அனுமதியில்லாமல் கூட்டம் நடத்துகிறார்களாம்.

"கூட்டம் நடத்துறது நான் ஐயா" என்றேன். "என்ர பேர் இதில இல்லையே."

"நீங்க படிச்சவர். உங்களுக்கு எது சரி எண்டு விளங்கும்."

"விளங்குது. அதுதான் கேக்கிறன். அண்டைக்கு அவங்கள் பிடிச்ச இறால காசுக்கு வேண்டித் திண்ட குழு ஆக்கள்ர பேரை இதில எங்க எழுதியிரிக்கு?"

அவர் முகம் மாறியது. அவருக்கு முன்னமே தெரியும் என்று அந்த முகம் எனக்குச் சொன்னது. என்னை அதிகமாகக் கொதிக்கவைத்தது அதுதான். தெரியாமல் செய்திருந்தால் நான் இப்போது அவரைப் பற்றி வேறுவிதமாக எழுதியிருப்பேன்.

"மாஸ்டர், கோபத்தில பேசாதேங்க. கோபம் கிறிஸ்தவனுக்கு அழகில்லை."

"இதை நான் வாசிக்கமாட்டன் ஐயா."

தாளை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அந்த ஞாயிறு அதைப் பெரிய கிளாக்கரே வாசித்தார். அடுத்த பள்ளித் தவணையில் என்னை வாழைச்சேனைப் பக்கத்தில் ஒரு சின்னப் பாடசாலைக்கு மாற்றினார்கள். வேதபாடம் வாசிக்கிற பொறுப்பும் போனது. கிழமைக்கு ஒருமுறை பஸ் பிடித்து, பிறகு தோணி பிடித்து வாசிப்புக்கு வந்தேன். வியாழன் முடியாமல் போனதால் சனிக்கிழமையாக்கினோம்.

ஆறு மாதம் முடிந்தும் சபை அந்த ஐந்து பேரையும் திரும்பக் கூப்பிடவில்லை. ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தப் போதகர் மாற்றலாகிப் போனார். புதியவர் இளகிய மனசுக்காரர். வந்த முதல் மாதமே, பழையதை எல்லாம் விடுங்கள், எல்லோரும் திருவிருந்துக்கு வாருங்கள் என்று ஆளனுப்பினார். நாலு குடும்பங்கள் போயின. மச்சாளும் போனாள். அண்ணன் கடைசி வாங்கிலிருந்து எழும்பவில்லை.

நான் கேட்டபோது சொன்னார்: "பேரை வாசிச்சுத்தானே வெளியால விட்டது? வாசிச்சு உள்ளுக்கு எடுக்கட்டும். ஒளிச்சு மறைச்சு நான் ஏன் போகோணும்?"

நியாயம். நான் புதிய போதகரிடம் போய், சபை செய்தது தவறு என்று ஒரு வரி எழுதி வாசிக்கும்படி கேட்டேன். நானே வாசிக்கிறேன் என்றும் சொன்னேன். அவர் என் தோளில் கைவைத்து, ஆறின புண்ணைக் கிண்டவேண்டாம் என்றார். யாருக்கு ஆறினது? குழுவில் இருந்தவர்களுக்கா? அவர்களுக்குப் புண் இருந்ததே இல்லை. ஒருவராவது அண்ணனிடம் வந்து ஒரு சொல் சொன்னதில்லை. பெரிய கிளாக்கர் பென்சன் வாங்கி, மரியாதையோடு முதல் வாங்கில் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக்கு மச்சாள் பிறகு மீன் கொண்டுபோகவில்லை. கூப்பிட்டாலும் நிற்காமல் நடந்துவிடுவாள்.

மன்னித்துவிடு என்று பலர் எனக்குச் சொன்னார்கள். முயன்றிருக்கிறேன். கேட்காதவனை மன்னிப்பது எப்படி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் என் ஜெபம் நிற்கவில்லை. கோபத்தையும் கொண்டு போய் அவர் முன்னால் வைக்கலாம் என்று மச்சாளின் முற்றத்தில் படித்தேன். என் கிறிஸ்தவ வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது என்று சொன்னால் மிகையில்லை. அதற்கு முன்னால் இருந்தது நல்ல உச்சரிப்பு.

ஒரு சனிக்கிழமை பழைய ஏற்பாட்டில் ஒரு தீர்க்கதரிசியை எடுத்தோம். ஏழையை மிதித்துக்கொண்டு பண்டிகை கொண்டாடுகிறவர்களை, உங்கள் பாட்டுச் சத்தமே வேண்டாம் என்று கடவுள் சொன்னதாகச் சீறுகிறவர்.

"இந்த மனிசன் என்ன தொழில்?" என்று மச்சாள் கேட்டாள்.

"மாடு மேய்ச்சவர். அத்திமரத் தோட்டத்திலயும் வேலை செஞ்சவர்."

"அதுதானே பாத்தன்" என்றாள். அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வலையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"அடுத்த அதிகாரத்தையும் வாசி" என்றார்.