ஞாயிற்றுக்கிழமை திறக்கக் கேட்ட கிளை

வங்கி வேலை என்றால் கூட்டல் கழித்தல் என்று வெளியில் நினைப்பார்கள். பாதி வேலை "மேலே கேட்டுச் சொல்றோம்" என்று சொல்வதுதான். எந்தக் காரியாலயத்திலாவது நடுவில் உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும். நான் இருந்தது மலைநாட்டு அபிவிருத்தி வங்கி ஒன்றின் கண்டி மாவட்டக் காரியாலயம். கீழே கிளைகள், மேலே பணிப்பாளர் சபை, இடையில் நாங்கள்.

பூட்டிய கதவு

என்னோடு வேலைக்குச் சேர்ந்த பர்சானா, ஹுன்னஸ்கிரியக் கிளைக்கு முகாமையாளராகப் போனாள். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் கிளைக்கு வரவேண்டுமென்றால் கொழுந்து பறிப்பதை விடவேண்டும். அன்றைய சம்பளமும் போய்விடும்.

ஒருநாள் நான் அங்கே போயிருந்தபோது, கொழுந்து பறித்து முடிந்து ஓடிவந்த செல்வமணி அக்கா மழையில் நனைந்தபடி வெளியே நின்றார். கிளை மூடியாயிற்று. பர்சானா உள்ளே அழைத்துக் கதிரை போட்டுப் பால் கலக்காத பிளேன்டி கொடுத்தாள். வேறு எதுவும் செய்ய முடியவில்லை. அக்கா கோபப்படவில்லை.

"நீங்க இருக்கிற நாள்ல நாங்க மலையில. நாங்க வர்ற நாள்ல நீங்க வீட்ல."

மாவட்டம்

அடுத்த வாரமே பர்சானா கண்டிக்கு வந்துவிட்டாள். ஞாயிறுதான் தோட்டத்துக்கு விடுமுறை, அன்று திறந்து திங்கள் மூடவேண்டும் என்றாள். எங்கள் மாவட்ட முகாமையாளர் விஜேரத்ன சேர் நல்ல மனிதர். முழுக்கக் கேட்டார், நியாயம்தான் என்றார். பிறகு வத்தேகமவில் வேலை பார்த்தபோது பழகிய தமிழில் சொன்னார்:

"மிஸ், எனக்கு ஆள மாத்த ஏலும். நாள மாத்த ஏலாது."

மாடிப்படி

நாளை மாற்றுவது சபையின் கையில். அப்போது சபை கண்டியிலேயே கூடும், எங்கள் தலைக்கு மேல் மாடியில். இன்று நினைத்தால் அதுவே பெரிய பாக்கியமாகத் தெரிகிறது. சேர் பர்சானாவை நேரே கூட்டிக்கொண்டு ஏறினார். நான் படியடியில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கிளைக்குக் கொடுத்தால் எல்லாக் கிளையும் கேட்கும் என்றாராம் சபையிலிருந்த அரச திறைசேரிப் பிரதிநிதி. கேட்கட்டுமே என்றாராம் தலைவர். இறங்கி வந்தவளின் கண் கலங்கியிருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ், கெடச்சிட்டு! இனி என்ட ஞாயித்துக்கெழமதான் போச்சு."

ஒன்றானோம்

அந்த ஞாயிறுகள் திருவிழா மாதிரி. கோயிலுக்கும் சந்தைக்கும் வந்தவர்கள் பிள்ளைகளோடு கிளைக்கும் வருவார்கள். நானும் சிலநாள் கண்டியிலிருந்து பஸ் ஏறிப்போய் பர்சானாவுக்கு உதவியிருக்கிறேன்.

பிறகு எங்களுடையது போன்ற மாகாண வங்கிகள் எல்லாம் ஒரே வங்கியாயின. சபை கொழும்புப் பக்கம் போயிற்று. எங்களுக்கும் அதற்கும் நடுவில் மாகாணக் காரியாலயம், தலைமையகப் பிரிவுகள், குழுக்கள். எல்லாக் கிளைக்கும் ஒரே வேலைநாள் என்று உத்தரவு வந்து, ஞாயிறு நின்றது. சேர் விடவில்லை, மறுபடி கேட்டார். ஒவ்வொரு படியாக ஏறி, இறங்கி, ஒருவழியாக அனுமதி வந்தபோது பர்சானாவை வேறு மாவட்டத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

மறுபடி திறந்த முதல் ஞாயிறு நானும் போயிருந்தேன். புதிய முகாமையாளர் குறை சொல்ல முடியாதவர்; கணினியிலிருந்து தலை நிமிரவில்லை, அவ்வளவுதான். காரியம் முடிந்த செல்வமணி அக்கா என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டார்:

"கதவ தெறந்துட்டாங்க மிஸ். பர்சானா மிஸ்ஸ எப்ப தருவாங்க?"

ஓய்வு பெற்றுக் குண்டசாலை வீட்டில் உட்கார்ந்த பிறகும், அந்தக் கேள்வியை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை.