திருத்தம் வராத காலை

என் மனைவியின் அண்ணனை, அதாவது என் மச்சானை, சொந்தத்தில் யாரும் பெயர் சொல்வதில்லை. முதுகுக்குப் பின்னால் அவர் 'திருத்தம்'. பல் டாக்டரிடம் போனால் வாயைத் திறப்பதற்கு முன் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைத் திருத்துவார். லிஃப்ட் ஓடாது என்று காவல்காரர் எழுதி ஒட்டிய தாளில் சிவப்புப் பேனாவால் ஒரு சுழி போட்டுவிட்டுத்தான் படியேறுவார். பேச்சையும் விடமாட்டார். நான் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நாலு இடத்தில் என்னை நிறுத்துவார். கல்யாணமான நாளிலிருந்து பொறுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அலுத்துப்போய்விட்டது, மறைத்து என்ன பயன்?

ஓய்வு பெறும்வரை மருந்துத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. மாத்திரைப் பெட்டிக்குள் பொடிப்பொடி எழுத்தில் ஒரு தாளை மடித்து வைத்திருப்பார்களே, நாம் பிரித்த கையோடு குப்பையில் போடுவோமே, அது அச்சுக்குப் போவதற்கு முன் அதில் பிழை பார்ப்பது. உலகத்தில் அந்தத் தாளை முழுக்கப் படித்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். அதுவும் கடைசி வரியில் தொடங்கி மேலே ஏறுவார். மேலிருந்து படித்தால் பொருள் புரிந்துவிடுமாம். பொருள் புரிந்தால் கண் பிழையைத் தாண்டி ஓடிவிடுமாம். ஓய்வு பெற்றபோது அந்தப் பழக்கத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். போனில் யார் என்ன எழுதினாலும் கீழிருந்து மேலேதான்.

அவருடைய மகள் தொலைவில் வேறு ஊரில் இருக்கிறாள். வேலை போய்விட்டது என்று ஒரு நாள் அப்பாவுக்கு எழுதினாள். திருத்திய இரண்டு சொற்கள் பதிலாகப் போயின. அப்புறம்தான் செய்தி இவர் மண்டையில் ஏறி, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். அதற்குள் அவளுக்கு மனசு விட்டுப்போயிருந்தது. அன்றிலிருந்து அவள் அப்பாவுக்கு அனுப்புவதெல்லாம் கட்டைவிரல் படம். கட்டைவிரலில் என்ன பிழை கண்டுபிடிப்பார்?

மனைவி இறந்த பிறகு மச்சான் தனி ஆள். போனை எடுப்பது அபூர்வம். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று எழுதிக் கேட்டாலும் பதில் இருக்காது. என் மனைவி மட்டும் தினமும் காலையில் அவருக்கு ஒரு வரி அனுப்புவாள், பிழையோடு. காப்பி ஆறுவதற்குள் திருத்தம் வந்துவிடும். "உங்க அண்ணனுக்கு மிச்சம் இருக்கற ஒரே மாணவி நீதான். நீயும் தேற மாட்டேங்கறியே" என்று நான் கேலி செய்வேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளமாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். எங்கள் பேத்தியின் படத்தைப் பார்க்கச் சொல்லி என் போனைக் கொடுத்தேன். புத்தி எங்கே போயிற்றோ தெரியவில்லை. படத்துக்கு மேலே வாட்ஸ்அப் குழுவின் பெயர் இருந்தது: 'திருத்தம் இல்லாத வீடு'. அவரைத் தவிர சொந்தம் மொத்தமும் அதில் இருக்கிறது. பிடுங்கவா முடியும்? அவர் விரலால் தள்ளிக்கொண்டே போனார். அவர் மகள் அங்கே பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். வேலை தேடி அலைவதை, காய்ச்சலில் கிடப்பதை, அப்பாவுக்கு எழுத நினைத்தாலே கை வருவதில்லை என்பதை.

"எல்லாத்தையும் படிச்சேன் மாப்பிள்ளை." போனை என் கையில் கொடுத்தார். "இனிமே யாரையும் திருத்தப் போறதில்ல. அப்படியாவது எனக்கும் ரெண்டு வரி எழுதறாளான்னு பாக்கறேன். தங்கச்சிகிட்ட சொல்லாதீங்க, அழுவா."

மறுநாள் காலை என் மனைவி வழக்கம்போல் ஒரு வரி அனுப்பினாள். திருத்தம் வரவில்லை. இன்னொன்று அனுப்பினாள், எனக்கே கண்ணில் குத்துகிற பிழை. அதற்கும் சத்தமில்லை. போன் செய்தாள். அடித்து அடித்து ஓய்ந்தது.

"கிளம்புங்க, அண்ணனுக்கு என்னவோ ஆயிடுச்சு" என்று செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கினாள். அவளைச் சமாதானப்படுத்த வழியில் முதல் நாள் நடந்ததைச் சொன்னேன். அது வேறு வினையாகிவிட்டது. "ஐயோ, மனசு உடைஞ்சு என்ன பண்ணிக்கிட்டாரோ!" என்று அண்ணன் மகளுக்கும் போன் போட்டு, இங்கே இருந்த பயத்தை அங்கேயும் அனுப்பி வைத்தாள்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மணி அடித்தோம், தட்டினோம். நான் கீழே எட்டிப் பார்த்துக் காவல்காரரைக் கூப்பிட்டேன். காவல்காரர் கடப்பாரையோடு மேலே வந்து சேர்ந்தபோது கதவு திறந்தது. மச்சான் முழங்கைவரை சோப்பு நுரையோடு நின்றார். குழாயைத் திறந்துவிட்டுத் துணி துவைத்துக்கொண்டிருந்தாராம்.

"போன் எங்க?" என்று என் மனைவி கத்தினாள்.

"கையில இருந்தா திருத்திடுவேன்மா. அதான் பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன்."

அவள் அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். "அண்ணி போனதுக்கு அப்புறம் நீ யாருக்கு பதில் போட்டிருக்கே? நல்லா இருக்கியான்னு கேட்டா வாயைத் திறக்கமாட்டே. தப்பா எழுதினா மட்டும் உடனே வந்து நிப்பே. அது வந்தாத்தான் நீ இருக்கேன்னு எனக்குத் தெரியும். தினமும் ஒரு புதுத் தப்பு யோசிக்கறது சும்மாவா?"

"அப்ப அதெல்லாம் வேணும்னேவா?"

"பள்ளிக்கூடத்துல கட்டுரைப் போட்டியில உன்னைத் தோக்கடிச்சவ நான். மறந்துட்டியா?"

மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு பீரோச் சாவியை எடுக்கப் போனார். நானும் அவள் முகத்தைப் பார்க்காமல் அவர் பின்னால் போனேன். இத்தனை நாள் கேலி செய்தவன் ஆயிற்றே.

பீரோவைத் திறந்தால் மகளிடமிருந்து செய்திகள் குவிந்து கிடந்தன. பதற்றத்தில் அடித்தவை, பாதி எழுத்தைக் காணோம். மச்சான் முதல் வரியில் தொடங்கி மெல்லக் கீழே வந்தார். அவர் அப்படிப் படித்து நான் பார்த்ததில்லை.

"பேசினா அழுதுடுவேன், எழுதிடறேன்" என்றார். 'நான் நல்லா இருக்கேன்மா. உனக்குக் காய்ச்சல் விட்டுதா?' என்று எழுதினார். அவளுடைய பிழை ஒன்றைக்கூடத் தொடவில்லை.

பதில் பாய்ந்து வந்தது. 'அத்தை, நீங்கதானே அப்பா போன்லேருந்து எழுதறீங்க? அப்பா இப்படி எழுதமாட்டாரு. அவருக்கு என்ன ஆச்சு? உண்மையைச் சொல்லுங்க.'

மச்சான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான்தான்னு நம்பமாட்டேங்கறாளே" என்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"திருத்துங்க மச்சான்" என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று யார் நினைத்தது?

அவள் எழுதியதை ஒவ்வொன்றாகத் திருத்தி அனுப்பினார். பாதி முடிவதற்குள் போன் அடித்தது. எடுத்ததும் அவள் அழுதுகொண்டே திட்டத் தொடங்கினாள், சொற்களைக் குழறி, விழுங்கி, முன்னும் பின்னுமாக. மச்சான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு இடத்திலும் அவளை நிறுத்தவில்லை.