பெரியப்பாவின் இடது கால்

பிள்ளைகளே, எங்கள் பெரியப்பாவோடு கம்பம் மெட்டு ஏறினால் பாதி மலையை உட்கார்ந்தேதான் ஏற வேண்டும். நூறு எட்டு எடுத்து வைப்பார், நின்றுவிடுவார். இடது கெண்டைக்காலைப் பிடித்தபடி பாறையில் அமர்ந்து சுருட்டைப் பற்றவைப்பார்.

"ஏலே, அங்கன பாரு, மேகம் எருமை மாதிரி படுத்திருக்கு."

நானும் பார்ப்பேன். கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பனி மூடிக் கிடக்கும். உள்ளிருந்து மாட்டு மணி மட்டும் கேட்கும். சுருட்டு தீர்வதற்குள் வலி விட்டுவிடும். மறுபடி நூறு எட்டு. சுமையாட்கள் தாண்டிப் போகையில், "என்ன மொதலாளி, மலைய வெல பேசுறீகளா?" என்று கேலி செய்வார்கள்.

"படியலப்பா, நீ போ" என்பார் பெரியப்பா.

மலைமேல் எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. பறித்த காயை உலர்த்துகிற மண்வீட்டை ஸ்டோர் என்போம். வெளியே அடுப்பெரிய, அந்தச் சூடு பெரிய தகரக் குழாய் வழியே உள்ளே ஓடும். ஏல மணமும் வெதுவெதுப்பும் கூரைமேல் மழைச் சத்தமுமாக, விழித்திருக்கிறோமா உறங்குகிறோமா என்றே தெரியாது.

எனக்கு எட்டு வயது. ஐப்பசி மத்தியானம் ஒன்றில் பெரியப்பா நனைந்து வந்து அங்கே படுத்தார். கால் பிடித்துவிட்டேன். வலது கால் சூடாக இருந்தது. இடது பாதமோ சில்லிட்டுக் கிடந்தது. அந்தக் காலில் மட்டும் மயிர் உதிர்ந்து தோல் பளபளத்தது. எனக்கு அது அழகாகத்தான் பட்டது.

"பெரியப்பா, ஒத்தக் காலு மட்டும் ஓடைத் தண்ணி மாதிரி இருக்கு."

"மலைக் குளிருலே. குழாய்ப் பக்கம் நகத்தி வையி."

வைத்தேன். சூடே தெரியவில்லை என்றார். குழாயோடு ஒட்டியே வைத்தேன். இருவரும் உறங்கிவிட்டோம். தோல் கருகும் வாடைதான் எங்களை எழுப்பியது. குதிகால் வெந்திருந்தது. வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல அவர் அதைப் பார்த்தார்.

மஞ்சள் பற்றுப் போட்டார்கள், பச்சிலை கட்டினார்கள். தை பிறந்தும் புண் ஆறவில்லை, விரல்கள் கருத்தன. மதுரைக்குக் கொண்டுபோனோம். காலுக்கு ரத்தம் இறங்குவது எப்போதோ குறைந்துபோயிற்று என்றார் டாக்டர். நடந்தால் கடுத்து நின்றால் விடுகிற வலியும், ஒற்றைக்கால் சில்லிப்பும், மயிர் உதிர்ந்ததும் அதற்கு அடையாளங்களாம். சுருட்டுதான் பெரிய எதிரியாம். மரத்த காலுக்கு யாராவது நெருப்புக் காட்டுவார்களா என்று கடிந்துகொண்டார். முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் ஆள் பிழைக்கும் என்றார். பிள்ளைகளே, இதெல்லாம் வளர்ந்தபின் எனக்கு விளங்கியது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெரியம்மா என்னைப் பக்கத்தில் இழுத்தாள்.

"நீதானலே கூட இருந்த. சுட்டப்ப அவுக ஒரு சத்தங்கூடப் போடலையா?"

"போடவே இல்ல பெரியம்மா. மொகங்கூடச் சுளிக்கல!" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஊர் திரும்பியதும், என் பெரியப்பாவைப் போலத் தைரியசாலி எவன் உண்டு என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.